வளையலும் ஒரு ரொட்டியும்



வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டு வளைகாப்புகளில் கண்ணாடி வளையலை முதலில் எடுப்பதில்லை. இளசான வேப்பங்குச்சி ஒன்றை ஒடியாமல் வளைத்து, அடியையும் நுனியையும் சேர்த்து முடிந்து, அந்தக் காப்பைத்தான் பிள்ளைத்தாய்ச்சியின் கையில் முதலில் போடுவார்கள். பச்சையும் சிவப்புமாக வளையல்கள் ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். போன மாதம் உறவுக்காரப் பெண்ணுக்கு வளைகாப்பு. பெரியம்மா குச்சியை வளைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அது இணங்கி வரும்வரை கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தார். அப்போது என் நினைவுக்கு வந்தது, போலந்து நாட்டு யூதர்களின் ரொட்டி ஒன்று.

அதன் பெயர் பேகல். நம் உளுந்து வடையைப் பெரிதாக்கினாற்போல, நடுவில் துளையுள்ள ரொட்டி. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் அது 'பெய்கல்'. அந்தச் சொல்லின் வேரைத் தேடிப்போனால், பழைய ஜெர்மானிய மொழியில் கைவளைக்கு இருந்த பெயரில் போய் நிற்கிறது. அதற்கும் அடியில் இருப்பது, வளைத்தல் என்ற பொருளுள்ள வினைச்சொல். வளை, வளையம், வளையல் என்று தமிழில் ஓடுகிறதே, அதே ஓட்டம். அந்த மொழிக்கும் தமிழுக்கும் உறவில்லை. இரண்டு ஊர்க் கைகளும் செய்த வேலைதான் ஒன்று.

பெயரோடு நின்றிருந்தால் நானும் இதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டேன். போலந்தின் கிராக்கோவ் நகர யூத சமூகம் 1610-ஆம் ஆண்டு எழுதிவைத்த விதிகளில்தான் பேகலின் பெயர் முதன்முதலில் பதிவாகியிருக்கிறது. எதற்காகத் தெரியுமா? பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசாக! வளையலின் பெயர் கொண்ட ரொட்டி, பேறுகாலத்துப் பெண்ணின் கைக்குப் போயிருக்கிறது. எனக்கு இதைப் படித்தபோது மெய்சிலிர்த்தது.

1683-இல் வியன்னாவைத் துருக்கியரின் முற்றுகையிலிருந்து மீட்ட போலந்து மன்னர் சோபியெஸ்கியைப் போற்றி, அவருடைய குதிரையின் அங்கவடி வடிவில் இந்த ரொட்டியைச் சுட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தப் போருக்கு 73 ஆண்டுகள் முன்பே பெயர் ஏட்டில் ஏறிவிட்டதால், கதை நிற்காது. மன்னரின் வெற்றியைவிடத் தாயின் பேறுதான் இந்த ரொட்டிக்குப் பொருத்தமான பிறப்பு என்பது என் எண்ணம்.

செய்முறையிலும் வளைப்பதுதான் முக்கியம். தண்ணீர் குறைத்துக் கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவைக் கயிறுபோல் உருட்டுவார்கள். அதை நான்கு விரல்களைச் சுற்றிக் கொண்டுவந்து, இரு முனைகளும் உள்ளங்கையில் சேரும் இடத்தைப் பலகையில் வைத்து ஓர் உருட்டு உருட்டினால் வளையம் ஒட்டிக்கொள்ளும். மாவு பொங்கிய பிறகு நேராக அடுப்புக்குப் போகாது. முதலில் கொதிக்கும் தண்ணீரில் சிறிது நேரம் மிதக்கும். அதில் மேல்மாவு வெந்து தோல் கட்டிக்கொள்வதால், சுடும்போது ரொட்டி அதிகம் உப்பாது. வெளியே பளபளப்பு, உள்ளே நன்றாக மெல்ல வேண்டிய அழுத்தம். துளைக்கும் வேலை உண்டு. நடுப்பகுதி வேகாமல் தங்காது. கயிற்றிலோ கம்பிலோ கோத்துத் தெருவில் விற்கவும் தோது.

யூதர்களின் ரொட்டி என்றேன்; நம் நாட்டிலும் யூதர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் உறுப்பினர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். பவளம் கொண்டுவந்து வைரம் வாங்கிப்போனவர்கள். ஆனால் பேகல் இவர்களுடைய ரொட்டி அல்ல. அது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது.

நியூயார்க்கில் அதைக் கையால் உருட்டியவர்கள் தனியாகத் தொழிற்சங்கமே வைத்திருந்தார்கள். பெரும்பாலும் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும்தான் அந்த வேலை. 1960-களில் டேனியல் தாம்சன் என்பவரின் உருட்டும் இயந்திரம் பரவியது. கைகளுக்கு வேலை குறைந்தது. பேகல் உலகமெல்லாம் போனது. அது பிள்ளைப்பேற்றுப் பரிசாக இருந்த நினைவு மட்டும் கூடவே போகவில்லை. இந்த இழப்புதான் என்னை வருத்துகிறது.

நம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, நேயர்களே. பிள்ளைக்குக் காப்புப் போடும் நாளில் கொடுக்கிற காப்பரிசி. ஊறவைத்து உலர்த்திய அரிசியோடு வெல்லப்பாகு, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல், எள். காப்பின் பெயரையே தாங்கிய தின்பண்டம். அந்த வளைகாப்பு வீட்டில் காப்பரிசிக்குப் பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்று கேட்டேன். பெரியம்மா ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

உங்கள் வீட்டில் அது யாருக்குத் தெரியும்? இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரிசி எத்தனை படி, வெல்லம் எவ்வளவு, பாகுப் பதம் எது என்று ஒரு நோட்டில் எழுதி, அவர் பெயரையும் அடியில் போட்டு வையுங்கள்.