தெள்ளுப்பூச்சிக்கும் ஒரு நன்றி

நேற்று ராத்திரி ஒரு புத்தகம் என்னைத் தூங்கவிடவில்லை. கோரி டென் பூம் எழுதிய நினைவுக் குறிப்பு.

நெதர்லாந்தில் ஹார்லெம் நகரம். அங்கே ஒரு கடிகாரக் கடை. வயதான அப்பா, கல்யாணமாகாத இரண்டு மகள்கள், பெட்சியும் கோரியும். நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர்களுக்கு அந்த வீட்டுக் கதவு திறந்தது. கோரியின் படுக்கையறையில் பொய்ச்சுவர் எழுப்பி, அதன் பின்னால் ஒளித்துவைத்தார்கள். 1944 பிப்ரவரி 28, யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். குடும்பமே கைதானது. சுவருக்குப் பின்னால் நின்ற ஆறு பேர் மட்டும் அன்று சிக்கவில்லை. 84 வயது அப்பா பத்தே நாளில் கைதியாகவே இறந்துபோனார்.

சகோதரிகளை ராவன்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் அடைத்தார்கள். நாறும் வைக்கோல் படுக்கை, அதில் மொய்க்கும் தெள்ளுப்பூச்சி. பெட்சி கடவுளுக்கு நன்றி சொன்னாள், அந்தப் பூச்சிகளுக்கும் சேர்த்து! கோரிக்கு மனசு ஒப்பவே இல்லை. எனக்கும்தான்.

ஒளித்துக் கொண்டுவந்த பைபிளை அந்தக் கொட்டடியில் ராத்திரிதோறும் வாசித்தார்கள். காவலர் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது: தெள்ளுப்பூச்சிக்குப் பயந்து அவர்கள் வாசற்படியே தாண்டவில்லையாம்.

டிசம்பரில் பெட்சி அங்கேயே கண்ணை மூடினாள். சில நாளில் கோரிக்கு விடுதலை. அந்த மரணத்துக்கு எந்த விளக்கமும் என் மனசை ஆற்றவில்லை. ஆனாலும் விடியற்காலையில் புத்தகத்தை மூடிவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு கைகூப்பினேன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.