நண்டு முட்டையும் நெடும்பயணமும்

மே மாதத்துப் பூரணை, அமாவாசை நாள்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழ்க்கரையிலுள்ள டெலவெயார் விரிகுடாவிலே வெள்ளம் மேலேறும் இரவு வேளையில், குதிரைலாட நண்டுகள் ஆயிரக்கணக்கிற் கரையேறி மணலுள் முட்டையிடுகின்றன. நண்டென்று வழங்கினும் இது நண்டினமன்று. சிலந்திக்கே நெருங்கிய உறவு. இம்முட்டைகளை நாடி, தென்னமெரிக்காவின் தெற்கெல்லையான தியெரா டெல் பியூகோவிலிருந்து ஒரு பறவை வந்திறங்குகின்றது. ஆங்கிலத்தில் 'நொட்' எனப்படும், மார்பு சிவந்த உள்ளான் அது. அது குஞ்சு பொரிக்கும் இடமோ கனடாவின் வடதுருவப் பகுதி. ஒருவழிப் பயணமே ஏறத்தாழ 15,000 கிலோமீற்றர்.

வந்திறங்கும் பறவையை நிறுத்தால் 120 கிராம் அளவே இருக்கும். மெலிந்தவை அதனினுங் குறைவு. இரண்டு மூன்று கிழமைகளில் அது 180 கிராமாக வேண்டும். மற்றைய காலங்களில் இவ்வுள்ளான் மட்டிகளை ஓட்டோடு விழுங்கி, வயிற்றின் தசைப்பையினால் நொறுக்கிச் செரிக்கும். நெடும்பறப்புக்கு முன் அப்பை சுருங்கிவிடுகின்றது. சுமை குறைக்கும் உபாயம். ஆதலின் களைத்து இறங்கிய பறவைக்கு ஓடுள்ள இரை உடனே உதவாது. மென்மையுங் கொழுப்பும் உடைய முட்டையே உதவும்.

இவ்வுணவு தவறினால் உடலினுள்ளே நிகழ்வது யாது? நெருக்கடி வேளையில், சிறுநீரகத்தை அடுத்துள்ள அதிரீனற் சுரப்பி கோட்டிக்கோசுத்தெரோன் என்னும் ஓமோனை இரத்தத்தில் விடுகின்றது. நாவுக்குக் கடினமான பெயர். நெருக்கீட்டு ஓமோன் என்றாற் போதும். இதனை வெறுந் தீமையென்று கருதுவது தவறு. கரையோரப் பறவைகள் கொழுத்துப் புறப்படுந் தறுவாயில் இவ்வோமோன் ஓரளவு உயர்வதுண்டு. சேமித்த பொருளைச் செலவிட உடலை ஆயத்தஞ் செய்வதே அதன் வேலை போலும்.

கேடு விளைவது கொழுப்புத் தீர்ந்த பின்னரே. சகாராவையும் மத்தியதரைக் கடலையும் கடந்து இத்தாலியத் தீவொன்றில் இறங்கிய சிறு பறவைகளின் இரத்தத்தை ஆய்வாளர் சோதித்தனர். கொழுப்பு எஞ்சியிருந்தவற்றில் ஓமோன் தாழ்ந்திருந்தது. அற்றவற்றில் மிக உயர்ந்திருந்தது. கொழுப்பில்லாதவிடத்து அது தசைப் புரதத்தைக் கரைத்து எரிபொருளாக்குகின்றது. சிறகை அசைப்பதும் அத்தசைதானே! விறகு தீர்ந்த வீட்டில் கூரை வளையைப் பிடுங்கி அடுப்பெரிப்பதை இஃது ஒக்கும்.

டெலவெயாரில் நேர்ந்தது இதுவே. 1990 ஆம் ஆண்டுகளில், விலாங்கும் சங்கும் பிடிப்போர் தம் கூடுகளுக்கு இரையாக இந்நண்டுகளைப் பெருந்தொகையாக அள்ளினர். எஞ்சியவை முட்டையிடவில்லையா என்று கேட்கலாம். இட்டன, ஆயின் ஆழத்தில் இட்டன. நண்டுகள் நெருங்கிக் குவிந்து, பின்வந்தது முன்வந்ததன் குழியைக் கிளறும்போதே முட்டைகள் மேலே வந்து பறவையின் அலகுக்கு எட்டுகின்றன. நண்டு பாதியாகக் குறைந்தால் உணவு பாதிக்கும் மிகக் கீழே போய்விடும்.

அலன் பேக்கரும் உடனாய்வாளரும் 2004 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் உயிர்தப்பிய வளர்ந்த உள்ளான்கள் முன்னர் நூற்றுக்கு 85 ஆக இருந்து, நூற்றாண்டின் முடிவில் 56 ஆக வீழ்ந்தன. உரிய நிறையை எய்தாது புறப்பட்டவையே பெரிதும் மறைந்தன. 1980 ஆம் ஆண்டுகளில் 90,000க்கு மேற்பட எண்ணப்பட்ட அவ்விரிகுடாவில், 2021 இல் 7,000 கூடக் காணப்படவில்லை.

நியூ யேர்சி மாநிலம் 2008 இல் நண்டு பிடிப்பதைத் தடைசெய்தது. உள்ளானுக்கு அவகாசம் இரண்டு மூன்று கிழமை. குதிரைலாட நண்டு பருவமடைவதற்கோ ஒன்பது, பத்து ஆண்டுகள் வேண்டும். தடை பிறந்த ஆண்டிற் பொரித்த நண்டு, 2017 அளவிலேதான் முதன்முறையாக அம்மணலில் ஏறியிருக்கும்.