பின் பெஞ்சுக் கேள்வி



நான் இங்கே படித்தபோது அமெரிக்க வரலாறு ஒரு தாள். 1770 மார்ச் 5, பாஸ்டன் படுகொலை, ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டு ஐவர் பலி. எழுதினோம், மார்க் வாங்கினோம். பிறகு இதே கல்லூரியில் ஆசிரியராகி, அதே வரியைப் பல ஆண்டுகள் டிக்டேட் பண்ணினேன். ஒருநாள் பின் பெஞ்சிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், சுட்டவங்களுக்கு வக்கீலா வாதாடினது ஜான் ஆடம்ஸாமே. அவர் இங்கிலாந்தை எதிர்த்தவராச்சே?" "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காருப்பா" என்றேன். உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு நோட்ஸை மூடி வைத்தேன். பால் ரிவியர் செதுக்கி, அந்த மாதமே விற்பனைக்கு வந்த படத்தைக் காட்டினேன். வரிசையாக நிற்கும் சிப்பாய்கள்; பின்னால் வாளை உயர்த்திய கேப்டன் பிரெஸ்டன்; எதிரே நிராயுதபாணி மக்கள். சுங்கக் கட்டிடத்தில் 'கசாப்புக் கூடம்' என்று பலகை வேறு! தெருவில் அன்று கிடந்த பனியைப் படத்தில் காணோம். (படமே ஹென்றி பெல்ஹாம் வரைந்ததைப் பார்த்துச் செய்தது என்பது தனிக்கதை.)

பிறகு நீதிமன்றச் சாட்சியங்களைக் கொடுத்தேன். கேப்டன்தான் சுடச் சொன்னார் என்று சிலர். அவர் தோளில் கை வைத்து நின்ற ரிச்சர்ட் பாம்ஸோ, 'சுடு' என்ற சொல் கேட்டது, சொன்னது யாரென்று தெரியாது என்கிறார். ஆண்ட்ரூ என்ற அடிமை, குரல் கேப்டனுக்கு அப்பாலிருந்து வந்தது என்கிறார். யார் எங்கே நின்றார், யாருக்காகப் பேசுகிறார், மற்றவர் சொல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தீர்ப்பு எழுதச் சொன்னேன். வகுப்பு இரண்டுபட்டது, மணி அடித்தும் யாரும் எழவில்லை. நிஜத் தீர்ப்பை மறுநாள்தான் சொன்னேன்: கேப்டன் விடுதலை, எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, இருவருக்குக் கட்டைவிரலில் சூடு. "நாங்க ஒத்துக்க மாட்டோம் சார்" என்று நாலு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். மூன்று வகுப்பு போயிற்று, போர்ஷன் முடியவில்லை, பேச்சும் வாங்கினேன்.

அந்தப் பின் பெஞ்சு மாணவர் இன்று இந்த அரங்கில் இருக்கிறாரோ என்னவோ. இருந்தால், தாமதமான பதில் இது. குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் வக்கீல் இல்லாமல் போகக்கூடாது என்று ஆடம்ஸ் நினைத்தார். நாட்டுக்குத் தாம் செய்த சிறந்த சேவைகளில் அது ஒன்று என 1773இல் டயரியில் எழுதினார். நீங்கள் அன்று சரியாகத்தான் கேட்டீர்கள்.