வெள்ளியில் இறங்க ஆள் தேவை

பிள்ளையின் பெயரை எப்போது அழைப்பார்கள் என்று காத்திருக்கும் பெற்றோர்களே, இன்று பட்டம் பெறும் பொறியாளர்களே,

உங்கள் முன்னால் வெள்ளிக் கோளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். செங்கல்பட்டு மாவட்டத்தில் படித்தவர்களுக்கும் அந்தக் கோளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு இருக்கிறது. நான் கல்பாக்கம் அணு மையத்தில் உருகிய சோடியத்தோடு வேலை பார்த்தவன். அதனால்தான் துணிந்து சொல்கிறேன்.

மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் இருட்டோடு படகைத் தள்ளுகிறவர்களுக்கு விடிவெள்ளியை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. அது அப்படி ஒளிர்வதற்குக் காரணம் அதன் மேகம். கந்தக அமிலத் துளிகளால் ஆன அந்த மேகம், விழுகிற சூரிய ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. எந்த மேகம் அதை நமக்குக் காட்டிக் கொடுக்கிறதோ, அதே மேகம்தான் அதன் தரையை மறைக்கிறது. எவ்வளவு பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தாலும் வெளிர்மஞ்சள் பரப்புதான் தெரியும்.

நம் பக்கத்து மேகமும் ஒருவரைச் சோதித்திருக்கிறது. இதே கரையில் தெற்கே போனால் புதுச்சேரி. சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க லெ ழாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர் அங்கே வர விரும்பினார். 1761-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் இறங்க முடியவில்லை. ஆடும் கப்பலிலிருந்து பார்த்த பார்வை அளவீட்டுக்கு உதவவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டுகள் கழித்துத்தான். அதுவரை பிரான்ஸ் திரும்பாமல் கீழைக் கடல் பகுதிகளிலேயே தங்கினார். பிறகு புதுச்சேரியில் இடிந்த கட்டடத்தின்மேல் ஆய்வகம் கட்டினார். 1769 ஜூன் 4 அதிகாலை, சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. ஆனால் அந்தக் காத்திருப்பில் அவர் நம்மவர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு பிரான்ஸில் எழுதி வெளியிட்டார். 1765 ஆகஸ்டு சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிப்பு 41 விநாடி பிசகியது, ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையோ 68 விநாடி பிசகியது என்று பதிவு செய்தவரும் அவர்தான். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வெள்ளியின் மேகத்தைத் தாண்ட, ஒளியை விட்டுவிட்டு வேறு அலைகளுக்கு மாற வேண்டியிருந்தது. 1956-ல் வானொலி அலைகளில் அளந்தவர்கள், நம்ப முடியாத வெப்பம் இருப்பதைக் கண்டார்கள். 1962-ல் மரைனர் 2 விண்கலம் அருகில் பறந்து அதை உறுதி செய்தது. 1990-ல் போய்ச் சேர்ந்த மெகெல்லன் விண்கலம் ரேடாரால் தடவித் தடவி ஏறத்தாழ முழுத் தரையையும் படமாக்கியது.

இறங்குவது வேறு கதை. தரையில் 465 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடும். அழுத்தம் நம் ஊரைப் போல 92 மடங்கு, கடலுக்குள் சுமார் 900 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். 1970-ல் சோவியத்தின் வெனேரா 7 இறங்கும்போது பாராசூட் கைவிட்டது. கலம் வேகமாக மோதியது, சமிக்ஞை நின்றுவிட்டது என்றே நினைத்தார்கள். பதிவான நாடாவைத் திரும்ப அலசியபோது, இரைச்சலுக்குள் 23 நிமிட மெல்லிய சமிக்ஞை கிடைத்தது. வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் செய்தி அது.

கேமரா மூடிகளைப் பற்றியும் கேளுங்கள். வெனேரா 9, 10 இரண்டிலும் தலா ஒரு மூடி கழலவில்லை. பாதிக் காட்சிதான் கிடைத்தது. 1978-ல் இறங்கிய 11, 12 இரண்டிலும் ஒரு மூடிகூடத் திறக்கவில்லை. ஒரு படமும் இல்லை. மூடியை மாற்றி வடிவமைத்தார்கள். 1982-ல் வெனேரா 14-ன் மூடி ஒழுங்காகக் கழன்று விழுந்தது. மண்ணின் உறுதியை அளக்க நீண்ட கை, நேராக அந்த மூடியின்மேல் போய் உட்கார்ந்து மூடியை அளந்தது! அந்த வடிவமைப்பாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அதே ஆண்டு, 32 நிமிடம் தாங்கினால் போதும் என்று கட்டப்பட்ட வெனேரா 13, 127 நிமிடம் தாங்கி வண்ணப் படம் அனுப்பியது. 1985-ல் வேகா 2 இறங்கியது. அதற்குப் பிறகு இதுவரை ஒரு கலமும் அந்தத் தரையில் இறங்கி வேலை செய்யவில்லை.

இப்போது கல்பாக்கத்துக்கு வருகிறேன். அங்குள்ள 500 மெகாவாட் வேக ஈனுலையில், உலையின் வெப்பத்தைச் சுமந்து செல்லும் உருகிய சோடியம் ஏறக்குறைய 547 டிகிரியில் வெளியேறும். வெள்ளியின் தரையைவிடச் சூடு. உருகிய சோடியத்துக்குள் ஒளி போகாது. காற்று பட்டால் தீப்பிடிக்கும், ஆகவே மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கவும் வழியில்லை. எரிபொருள் மாற்றுவதற்கு முன், உள்ளே எந்த எரிபொருள் தொகுதியாவது துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், சோடியத்துக்குள் அல்ட்ராசோனிக் ஒலி அனுப்பி எதிரொலியைப் படமாக்கும் கருவியை உருவாக்கினார்கள். மெகெல்லன் ரேடாரால் செய்ததை இங்கே ஒலியால் செய்கிறார்கள். வெல்டிங்கில் மயிரிழை விரிசலைத் தேடுகிற கண்ணும், வருடக்கணக்கில் சூட்டில் கிடக்கும் எஃகு எப்படி மெல்ல நீள்கிறது என்ற அறிவும் இந்தக் கரையில் இருக்கின்றன.

ஆனால் மிகைப்படுத்த மாட்டேன். எங்கள் உலையில் மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் குளிர்ந்த அறையில் இருக்கும். வெள்ளியில் அப்படி ஓர் அறை கிடையாது. சாதாரண சிலிக்கான் சில்லு 300 டிகிரியைத் தொடும் முன்பே படுத்துவிடும். சிலிக்கான் கார்பைடில் செய்த சுற்றுகளை நாசாவின் கிளென் மையம், வெள்ளியின் சூட்டையும் அழுத்தத்தையும் உண்டாக்கிய அறையில் எந்தக் கவசமும் இல்லாமல் மூன்று வாரம் ஓட்டிக் காட்டியிருக்கிறது. மோட்டார், பேட்டரி, வயர் இணைப்பு, வாயு கசியாத சீல் என ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு விடை வேண்டும்.

2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாயில் இந்தியாவின் வெள்ளிப் பயணத்துக்கு ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் புறப்படத் திட்டம். ரேடார் உண்டு, ஆனால் அது சுற்றிவரும் கலம், தரையில் இறங்காது. அதைக் குறையாகச் சொல்லவில்லை, முதலில் சுற்றிப் பார்ப்பதே முறை. இறங்கும் கலம் அடுத்த தலைமுறையின் வேலை.

உலோகவியல் படித்தவர்களே, மின்னணுவியல் படித்தவர்களே, இயந்திரவியல் முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்களே, உங்களில் பத்துப் பேராவது உயர்வெப்பத் துறைக்கு வாருங்கள். சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், ஆராய்ச்சி பத்துப் பதினைந்து ஆண்டு இழுக்கும், பெற்றோர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளியின் தரையில் ஒரு முழு நாளாவது உயிரோடு இருக்கும் கருவி ஒன்றை இந்த மாவட்டத்திலிருந்து செய்து கொடுங்கள். அதன் மூடி சரியாகக் கழலுமா என்று நூறு முறை சோதித்துவிட்டு அனுப்புங்கள்.