பெயரைப் பதியுங்கள்



1969ஆம் வருடம். டில்லி ராஜ்காட் அருகில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கட்டட வேலை நடந்தது. தாய்மார்கள் கல் சுமந்தார்கள். கைக்குழந்தைகள் புழுதியில் கிடந்தன. அதைப் பார்த்தார் மீரா மகாதேவன். அங்கேயே குழந்தைகள் காப்பகம் தொடங்கினார். அதுதான் ‘மொபைல் கிரெஷ்’.

1996இல் ஒரு சட்டம் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டட இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 60 வயதானால் ஓய்வூதியம் பெறவும் வழி செய்தது.

அன்று கல் சுமந்த தாய்க்கு இந்த ஓய்வூதியம் இல்லை. இன்று கல் சுமக்கும் மகளுக்கு உண்டு. ஆனால் அது தானாக வராது. 60 வயதுக்கு முன்பே நல வாரியத்தில் பெயர் பதிய வேண்டும். வருடத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருந்தால் பதியலாம்.

பெயர் எழுதக் கற்ற கை, அதை வாரியத்திலும் எழுதட்டும்!