தேர்ச் சிற்பமும் எதிர்நாரும்

(மகா கும்பாபிஷேக விழாவின் மூன்றாம் நாள் மாலை தூத்துக்குடியில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆகமம் கற்ற பெரியோர்களும் திருமுறைச் செல்வர்களும் வீற்றிருக்கும் இம்மேடையில், உளி பிடித்துக் கை காய்த்துப்போன என்னையும் பேச அழைத்திருக்கிறீர்கள். கல்லின் பெருமையை நேற்றும் முன்தினமும் கேட்டீர்கள். மரத்தைப் பற்றி ஒருவன் சொல்லட்டும் என்று குழுவினர் கருதினார்கள் போலும். மூலவர் கல்லில் நிலைபெற்றிருக்கிறார். ஆனால் உற்சவமூர்த்தி வீதிக்கு எழுந்தருளும்போது அவரைத் தாங்குவது மரந்தானே? வாகனம் மரம், பல்லக்கு மரம், சித்திரையில் நம் ஊர் சங்கரராமேசுவரரும் பாகம்பிரியாளும் உலாப் போகும் தேரும் மரம். கல் ஓரிடத்தில் இருந்து அருளைப் பெறுகிறது. மரமோ வெயிலிலும் மழையிலும் கடற்காற்றிலும் நின்று, குலுங்கி, வடத்தால் இழுபட்டுத் தொண்டு செய்கிறது.

தேருக்குப் பெரும்பாலும் இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகியவற்றையே நம் முன்னோர் தேர்ந்தனர். உலர்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோ எடை வரும். வேங்கை 800 அளவு. இலுப்பை அதனினும் கனம். பாரம் தாங்குவதற்கு இவை உகந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பாரம் தாங்குவதற்கு எது நன்றோ அதுவே சிற்பிக்கு வில்லங்கமாக முடிகிறது. இன்று நான் சொல்ல வந்தது அந்த வில்லங்கத்தைத்தான்.

நீங்கள் கடற்கரை மக்கள். ஒரு மீனைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். வாலிலிருந்து தலை நோக்கித் தடவினால் செதில் கையைக் குத்தும். மரத்திற்கும் அத்தகைய செதில் உண்டு. அதன் நார்கள் சாய்ந்திருக்கும் பக்கமே உளி சென்றால் சீவல் பட்டுப்போல் சுருண்டு எழும். எதிர்ப்பக்கம் சென்றால் உளி நாருக்கு அடியில் நுழைந்து, நாம் வெட்ட நினையாத இடத்தையும் பெயர்த்துவிடும். இதனை எதிர்நார் என்போம். நேரான ரேகையுள்ள மரத்தில் இது பெரிய இடர் அன்று. பலகையைத் திருப்பி வைத்துக்கொண்டால் முடிந்தது.

வேங்கை அப்படிப்பட்டதன்று. அது வளரும்போது சில ஆண்டுகள் நாரை வலப்பக்கம் சாய்த்து வளர்கிறது. பின் சில ஆண்டுகள் இடப்பக்கம். இப்படி மாறி மாறிப் பின்னிக்கொண்டு பருக்கிறது. வாகையும் வேம்பும் ஈட்டியும் அவ்வாறே. அறுத்து இழைத்தால் ஒளியும் நிழலுமாகப் பட்டை பட்டையாக மின்னும். கதவுக்கும் மேசைக்கும் அம்மின்னல் அழகு. சிற்பிக்கோ ஒவ்வொரு பட்டையும் ஒரு பகை. ஒரு விரல் அகலத்தில் உளி மேலிருந்து கீழே போகவேண்டும். அடுத்த விரல் அகலத்தில் கீழிருந்து மேலே வரவேண்டும். மேலும், புடைப்புச் சிற்பத்தில் ஆழம் செல்லச் செல்ல அடுக்கு மாறுகிறது. நெற்றியில் ஒரு திசையில் இருந்த நார், கன்னத்திற்கு இறங்கும்போது வேறு திசையில் திரும்பியிருக்கும். மேற்பரப்பைக் கண்ணால் பார்த்து இதனை அறிய முடியாது.

பிற நாட்டார் இந்தத் தொல்லையை மரத்தைத் தேர்ந்தெடுப்பதனாலேயே தவிர்த்தனர். 1648 முதல் 1721 வரை வாழ்ந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கிரின்லிங் கிப்பன்ஸ் என்னும் பெருஞ்சிற்பி, பூவிதழும் பறவைச் சிறகும் காற்றில் அசைவன போலச் செதுக்கியவர். அவர் பெரிதும் விரும்பியது லைம் என்னும் மென்மையான, ரேகை ஒழுங்கான மரம். (பெயரைக் கேட்டு எலுமிச்சை என்று எண்ணிவிடாதீர்கள்; இரண்டுக்கும் உறவில்லை.) நம் பக்கத்திலும் காஞ்சி அத்திவரதர் அத்தி மரத்தால் ஆனவர், 1979-இலும் 2019-இலும் குளத்திலிருந்து எழுந்தருளிச் சேவை சாதித்தார். பூரியில் ஜகந்நாதர் வேம்பில் எழுந்தருளியிருக்கிறார். 1996-இலும் 2015-இலும் புதிய திருமேனிகள் அமைத்தனர். அத்திருமேனிகளில் நுண்ணிய மூக்கும் விரலும் இல்லாததற்குப் புராணம் ஒரு காரணம் கூறும். அதனை நான் மறுக்கவில்லை. வேம்பைச் செதுக்கிப் பார்த்த எனக்கு மட்டும், மரமும் அதற்கு உடன்பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

நான் நாரின் இயல்பைக் கற்றது சிற்பக்கூடத்தில் அன்று, தோணி கட்டும் கரையில். ஓடாவிகள் தோணியின் வங்குகளுக்கு, இயற்கையாகவே வளைந்த கருவேலங் கிளைகளைத் தேடுவார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் இடையிலே அறுபட்டுப்போகும். அலையின் அடிக்கு அந்த இடத்தில் முறியும். வளைந்து வளர்ந்த மரத்தில் நாரும் வளைவோடு சேர்ந்து ஓடுகிறது. நாம் கோணல் என்று ஒதுக்கும் மரத்தை ஓடாவி கூடுதல் விலை கொடுத்து வாங்குவார். என் தந்தையார் என்னை அங்கே அழைத்துச் சென்று, பிளந்து போட்ட மரங்களின் உள்முகத்தைக் காட்டுவார். ரம்பம் அறுத்த முகம் பொய் சொல்லும், கோடரி பிளந்த முகம் பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை.

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இக்கடற்கரைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் தேருக்கு, வேல் தாங்கிய முருகப்பெருமான் பலகை ஒன்று வேங்கையில் செய்ய வேண்டியிருந்தது. தேரோட்டத்திற்கு ஒரு மாதமே இருந்தது. வேலின் தண்டை நார் ஓடும் வாக்கிலேயே அமைத்தேன். குறுக்கே அமைத்தால் மெல்லிய உறுப்பு உடையும் என்பது எனக்குத் தெரியும். மயிலின் தோகை, கிரீடம், நெற்றி எல்லாம் நன்றாக வந்தன. மூக்கிற்கு வந்தபோது மாலை மங்கிவிட்டது. உளியைத் தீட்ட வேண்டும் என்று தெரிந்தும் தீட்டவில்லை. நெற்றியிலிருந்து கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினேன். மூக்கின் நுனியிலிருந்து இடக்கன்னம் வரை ஒரு சிராய் எழுந்து வந்து என் காலடியில் விழுந்தது.

அன்றிரவு அந்தச் சிராயைப் பசையால் ஒட்டி, அரைத்த மரத்தூளை விளிம்பில் தேய்த்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி மூடினேன். விளக்கொளியில் எனக்கே தெரியவில்லை. காலையில் தந்தையார் வந்தார். பலகையைப் பார்க்கவில்லை, கட்டை விரலால் முகத்தை ஒரு முறை தடவினார். விரல் கன்னத்தில் நின்றது.

“என்னலே, சாமி மூஞ்சியை ஒட்டுப்போட்டா குடுக்கப் போற?” என்றார்.

தேர்ப்பலகை பூசை ஏற்கும் மூர்த்தியன்று, கர்ப்பக்கிருகத்துத் திருமேனிக்குரிய விதி அதற்கு இல்லை என்று வாதிட்டேன். வேறு பலகை வாங்கப் பணமில்லை, நாளும் இல்லை என்றேன். அவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஒட்டியதைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பலகையின் ஓரத்தில் நார் எப்படி ஓடுகிறது என்று நெடுநேரம் பார்த்தார். பிறகு சுண்ணக்கட்டியால் முகத்தின்மேல் சிறு சிறு அம்புக்குறிகள் இட்டார். அரை விரல் ஆழம் கீழே இறங்கினால் அடுத்த அடுக்கு வரும். அங்கே நார் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே மூக்கைக் கீழிருந்து எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. முகம் இறங்கினால் கழுத்தும் கிரீடமும் மார்பும் அதற்கேற்ப இறங்க வேண்டுமே! முழுப் பலகையையும் இருவருமாக மீண்டும் செதுக்கினோம். பதினொரு நாள் ஆயிற்று. கூலி கேட்கவில்லை.

அந்தப் பதினொரு நாளில் கற்றவை சில. எதிர்நார் உள்ள இடத்தில் நாரின் வழியே செல்லாமல் குறுக்காகச் சரித்துச் சீவுவது நன்று. ஈரத்துணியைச் சற்றுநேரம் போட்டுவைத்தால் நார் இளகும். முதலில் எல்லைக்கோட்டை நிறுத்துவெட்டாக வெட்டிவிட்டால் சிராய் அதைத் தாண்டி ஓடாது. கொட்டாப்புளியை வைத்துவிட்டு உள்ளங்கையால் மட்டும் உளியைத் தள்ளவேண்டிய இடங்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாணைக்கல்லுக்குப் போகவேண்டும். தேக்கில் மணல்போன்ற துகள் இயல்பாகவே கலந்திருப்பதால், அதில் உளி இன்னும் விரைவில் மழுங்கும்.

இப்போது கணினியால் இயங்கும் செதுக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றை நான் இகழமாட்டேன். ஒரே அளவான நூறு தாமரை இதழ் வேண்டுமென்றால் இயந்திரம் செய்யட்டும். ஆனால் அதற்கு இட்ட பாதை மாறாது. நார் திரும்பினால் அது திரும்பாது. வேங்கையில் அது விட்டுச்சென்ற பிசிறுகளை எடுக்க இறுதியில் ஒரு கிழவனைத்தான் கூப்பிடுகிறார்கள்.

குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். புதிய வாகனங்களுக்கு மரம் வாங்கப்போவதாக அறிகிறேன். விலைச்சீட்டு வாங்கும் முன்னர், செதுக்கப் போகிறவனை மரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நடுத்தண்டின் நெஞ்சுப்பகுதி சேராத பலகையாக அவன் தேர்ந்தெடுப்பான். அது சேர்ந்தால் வெடிப்பு நிச்சயம். மரம் சுற்றுவட்டத் திசையில் சுருங்குவது ஆரத்திசையில் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனி, ஆடி மேல்காற்றில் உலர்ந்து, ஐப்பசிக் கொண்டலில் ஈரம் குடிக்கும் நம் ஊரில், வாங்கிய மரத்தை ஓராண்டாவது நிழலில் அடுக்கி வைத்த பின்னரே உளி படவேண்டும். விழா நாள் குறித்துவிட்டு மரம் தேடினால் என்ன நேரும் என்பதை என் இருபத்திரண்டாம் வயது உங்களுக்குச் சொல்லிவிட்டது.

அந்தத் தேர் இன்றும் ஓடுகிறது. வடபுறம் இரண்டாம் அடுக்கில், மற்றப் பலகைகளைவிட முருகன் முகம் அரை விரல் உள்ளே தள்ளியிருக்கும். பிற்பகலில் தேர் மேல வீதி திரும்பும்போது அந்த முகத்தில் மட்டும் சற்று நிழல் விழும். பார்ப்பவர்கள், சிற்பி வேண்டுமென்றே அப்படிச் செய்தான் என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் அருகில் நின்றால், இல்லை என்று சொல்லிவிடுவேன்.