மூன்று புடவைக்கு ஒரு பாவு

களம்பூர் என்றதும் பலருக்கு அரிசி மூட்டைதான் நினைவுக்கு வரும். ரயிலில் போகிறவர்களுக்கோ அது ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷன். இன்று நான் பேச வந்தது அந்தப் பக்கத்துப் பட்டுத் தறியைப் பற்றி. ஆனால் பேச்சைத் தொடங்குவது ஒரு பைனாகுலரில்.

அமெரிக்காவில், வயோமிங் மாநிலத்தில், மேவன் என்று ஒரு கம்பெனி இருக்கிறது. பைனாகுலரின் உடம்பு என்ன நிறம், வளையம் என்ன நிறம், மேலே எந்தப் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பதையெல்லாம் வாங்குகிறவரே சொல்லலாம். தாராள மனசுதான். ஆனால் உள்ளே இருக்கிற கண்ணாடியில் மட்டும் கை வைக்க விடுவதில்லை. காரணம் இருக்கிறது. இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். துளி விலகினாலும் காட்சி இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் வேண்டாம், 50 கொடுங்கள் என்றால் கூடு மாற வேண்டும், கூட்டை வார்க்கிற அச்சும் மாற வேண்டும். ஒருத்தருக்காக யார் அச்சு செய்வார்கள்? அதனால் கடைசியில் மாட்டுகிற பாகத்தில் மட்டும் நம் விருப்பத்தைக் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கு ஆரணிப் பக்கத்து நெசவாளிக்குப் பழைய கணக்கு.

கல்யாணப் பெண் போனில் ஒரு படத்தைக் காட்டுகிறாள். “இதே கிளிப்பச்சை. கரை மட்டும் இன்னும் நாலு விரல் அகலமா வேணும்.” அவளுக்கு அது ஒரு வாக்கியம். தறியில் அது என்ன ஆகிறது, பாருங்கள்.

பட்டுத் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைத் தொகுதி, ஏற்றினால் பெரும்பாலும் மூன்று புடவை வரும். ஒரே ஒரு புடவைக்கென்று பாவு ஓட்டினால் கட்டுபடியாகாது. எனவே அவள் கேட்ட நிறத்தில் பாவுக்குச் சாயம் போட்டால், மீதி இரண்டு புடவைக்கும் வேறு யாராவது வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பட்டும் ஜரிகையும் முதலாளியின் பீரோவில் முடங்கும். ‘ஆர்டர் புடவை’க்குச் சொல்லும் விலையில் இந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது பிணைப்பு. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை ஆயிரக்கணக்கான இழைகளாகக் கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். கரை அகலமே மாறுகிறதென்றால் பிணைத்து மட்டும் தப்பிக்க முடியாது. இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதிலும், சீப்பு போன்ற தறி அச்சிலும் இழையைப் புதிதாகக் கோக்க வேண்டும். அந்த நாட்களில் ஒரு அங்குலம்கூட நெய்ய முடியாது. நெசவாளிக்குக் கூலியோ புடவைக் கணக்கில். தனி ஆர்டர் என்று கூடுதலாக வாங்குகிற பணத்தில் இந்தக் காத்திருப்புக்கும் ஒரு பங்கு போக வேண்டும் என்பது என் கட்சி.

பிறகு அட்டை. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் கொண்டுவந்த ஏற்பாடு இன்னும் நம் தறிகளுக்கு மேலே தொங்குகிறது. டிசைனில் ஒவ்வொரு ஊடைக்கும், அதாவது குறுக்கே ஓடும் இழைக்கும், துளையிட்ட ஓர் அட்டை. 400 ஊடை உயரமுள்ள உருவம் என்றால் 400 அட்டை. அதற்குப் பத்தாயிரம் ரூபாய் ஆகிறதென்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐம்பது புடவை ஓடினால் புடவைக்கு 200 ரூபாய். ஒன்றோடு நின்றால் பத்தாயிரமும் அந்த ஒரு புடவையின் தலையில். கம்ப்யூட்டர் ஜக்கார்டில் அட்டை இல்லைதான். ஆனால் படத்தைக் கட்டம் கட்டமாகப் போடுகிற ஆளுக்குச் சம்பளம் உண்டே!

அப்படியானால் எதை மலிவாக மாற்றலாம்? ஊடையை. நாடாவுக்குள் வைக்கிற தாரில் சுற்றுகிற நூலை மாற்றினால் போதும், அதே பாவில் உடல் வேறு நிறமாகிவிடும். பச்சைப் பாவில் நீல ஊடை ஓடினால், திருப்பத் திருப்ப நிறம் மாறுகிற அந்த மயில்கழுத்து ஜாலமும் இலவசம். நல்ல நெசவாளி உங்களிடம் ஊடையைத்தான் முதலில் கேட்பார். கரையைப் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்சம் தலையைச் சொறிவார்.

சொந்த நிறத்தில் பாவே வேண்டுமென்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. பெண், அவள் அம்மா, அத்தை மூவரும் சேர்ந்து போங்கள். பாவும் கரையும் ஒன்று, ஊடை மட்டும் ஆளுக்கொரு நிறம். பீரோவுக்கு வேலையில்லை. மூன்று பேரும் ஒரே கரைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்; அந்தப் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.